கப்பல்ல காலி ரூம் கெடந்தா விட்டுராத மக்கா

மக்கா,

உனக்க வாட்சாப்பு மெசேஜ் நேத்து ராத்திரிதான் பாத்தேன். அக்டோபர்ல அமெரிக்காவுக்கு, ஆர்லாண்டோவுல இருக்க பயகிட்ட போறோம், அஞ்சாறு மாசம் இருப்போம், டிக்கெட்டும் போட்டாச்சுன்னு எழுதியிருந்த, மனசு நெறஞ்சு போச்சு. பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், அது நீண்டு நீண்டு போவுது, செரி லெட்டராவே எழுதிருவோம்னு உக்காந்துட்டேன். இங்க களியக்காவிளையில மழ விட்டபாடில்ல, பத்து நாளா பால் வெட்டு கெடையாது, ரப்பரெல்லாம் சும்மா நிக்குது, எனக்கும் நேரம் கெடக்கு.

அங்க போனா என்ன நடக்கும்னு சொல்லட்டுமா, நாங்க 2024ல எனக்க மக வீட்டுக்கு டாம்பா போயி இருந்தவங்கல்லா. மொத ரெண்டு வாரம் அங்க கூட்டிட்டுப் போவாங்க, இங்க கூட்டிட்டுப் போவாங்க, பெறவு காலையில ஏழரைக்கு எல்லாரும் கெளம்பிப் போயிருவாங்க, வீடு நிசப்தமாயிரும். ஜன்னல் வழியா ரோட்டப் பாத்தா ஒரு மனுசன் நடந்து போக மாட்டான். எனக்க வீட்டுக்காரி மூணாவது வாரமே கேலண்டர்ல நாள் எண்ண ஆரம்பிச்சிட்டா. வாய் தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டா, ஆனா சோறு வடிக்கும்போது அவ மொகத்தப் பாத்தா எனக்கு வெப்ராளமா இருக்கும். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அங்க காசு கூட கொறவில்ல மக்கா, பொழுதுதான் மலையா கெடக்கும். அந்தப் பொழுதுதான் அங்க பெரிய சொத்துன்னு எனக்குப் புரிஞ்சது கப்பல் விசயத்துலதான், அதத்தான் உங்கிட்ட சொல்லணும்.

டாம்பாவும் ஆர்லாண்டோவும் இருக்க ஃப்ளோரிடா மாநிலத்துல மியாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவரல், டாம்பா, ஜாக்ஸன்வில்லுன்னு கப்பல் கெளம்புத துறைமுகம் வரிசையா கெடக்கு. இந்த உல்லாசக் கப்பல்ல டிக்கெட் எடுத்தவன் முழுக் காச கெளம்புறதுக்கு 75 நாள், பெரிய பயணம்னா 90 நாள் முன்னாடி கட்டி முடிக்கணும். அந்தத் தேதி கழிஞ்சதும் கட்டாதவன், வேண்டாம்னு விட்டவன் ரூமெல்லாம் திரும்ப வந்து விழும். கப்பல் கெளம்பிட்டுன்னா காலி ரூம்ல ஒத்தக் காசு வராது, ஆனா ஆள் ஏறிட்டா உள்ள காப்பி, கடை, டூர் அது இதுன்னு கொஞ்சமாவது செலவு பண்ணுவான்லா, அதனால கடைசி நேரத்துல வெலய எறக்குவாங்க. ஆனா கடைசி நேரத்துல யாரால போவ முடியும்? தூரத்துல இருக்கவன் ப்ளேன் டிக்கெட் எடுக்கணும், அது கடைசி நேரத்துல கொள்ள வெல. கார எடுத்துட்டு ஒரு மணி நேரத்துல துறைமுகத்துக்குப் போறவனாலதான் முடியும். அதனாலதான் ஃப்ளோரிடாவுல குடியிருக்கவங்களுக்குன்னே தனி ரேட் போடுதாங்க. அங்க பொறந்திருக்கணும்னு இல்ல, அங்கத்த அட்ரஸ் உள்ள டிரைவிங் லைசென்ஸ் காட்டுனா போதும்.

இதுல நாங்க ஒரு தடவ பட்டோம், நீ படக் கூடாது. மக ஆபீஸ்ல இருக்கும்போது நானே ஒரு ஏஜென்சிக்கு ஃபோன் போட்டேன், அந்தாளு நல்லாத்தான் பேசுனாரு, எங்க ரெண்டு பேருக்கும் உள்ளூர் ரேட்ல ஒரு ரூம் போட்டுட்டாரு. சாயங்காலம் மக வந்து பேப்பரப் பாத்துட்டு "அப்பா, ரூமுக்கு ஒரு ஆளாவது இங்கத்த ஆளா இருக்கணும், உங்க ரெண்டு பேருட்டயும் இந்தியா பாஸ்போர்ட்டுதான இருக்கு, துறைமுகத்துல ஐடி கேட்டா வித்தியாசக் காச கட்டச் சொல்லுவான், இல்லாட்டி ஏத்தவே மாட்டான்"னா. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஃபோன்லயே நின்னு அவ அத கேன்சல் பண்ணுனா. ரூமுக்கு ஒரு உள்ளூர் ஆளு, இது மறக்காத. உனக்க பய கூட வரணும், இல்ல மருமவ வரணும்.

கடைசியில மக நாலு நாள் லீவு போட்டு மூணு பேரும் ஒரே ரூம்ல போனோம். கெளம்புறதுக்கு எட்டு நாள் முன்னாடி எடுத்தது, திங்கக்கிழம ஏறி வெள்ளிக்கிழம எறங்குறது. நேரம் இருக்குத ஆளுக்குத்தான் லாபம்னு சொன்னேம்லா, அது இதுதான். வார நடுவுல, பள்ளிக்கூடம் நடக்குத காலத்துல ஜோலிக்காரனால வர முடியாது, அப்பதான் வெல எறங்கும். கிறிஸ்மஸுக்கு முன்னாடி டிசம்பர் மொத ரெண்டு வாரம், புது வருசம் முடிஞ்சு ஜனவரி, பெறவு செப்டம்பர் அக்டோபர், ஆனா அது புயல் காலம், ஜூன் 1லேர்ந்து நவம்பர் 30 வர, கப்பல் வழிய மாத்தி விட்டுருவாங்க, நான் மைனிய வச்சிட்டு அப்ப போவச் சொல்லமாட்டேன். நீ டிசம்பர் மொத வாரம் பாரு.

காசு கணக்கு. வெளிய போட்டிருந்த வெல ஆளுக்கு 189 டாலர், அதப் பாத்து சந்தோசப்பட்டா வரியும் துறைமுகக் கட்டணமும் ஆளுக்கு 122, பெறவு டிப்ஸுன்னு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலர் அவங்களே கணக்குல ஏத்திட்டாங்க. மூணாவது ஆளுக்கு மேல மடக்குக் கட்டில், அதுக்கு 99தான். எல்லாம் சேத்து 1035 டாலர், நம்ம காசுக்கு அன்னைக்கு 86 ஆயிரம் பக்கம். 2024 ஜூலையிலேர்ந்து கட்டாயக் கட்டணத்தயும் சேத்துத்தான் வெல காட்டணும்னு கலிஃபோர்னியாவுல சட்டம் வந்து, பெரிய கம்பெனியெல்லாம் வரியயும் சேத்தே எல்லா ஊருக்கும் காட்டுதாங்க, ஆனா டிப்ஸ் அதுல வராது, அதத் தனியா கூட்டிக்க. ஜன்னல் இல்லாத உள் ரூம் எடு, இந்த ரூம் நம்பர்தான் வேணும்னு கேக்காத, அவங்க குடுக்குதத வாங்குனா இன்னும் கொறயும். தூங்க மட்டும்தான போறோம்.

விசா விசயம் காசு கட்டுறதுக்கு முன்னாடியே பாரு. 1886ல போட்ட ஒரு சட்டம் இருக்கு அங்க, வெளிநாட்டுக் கொடி போட்ட கப்பல் அமெரிக்காவுல ஏத்தி அமெரிக்காவுலயே எறக்குறதா இருந்தா நடுவுல ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்த தொட்டுட்டுத்தான் வரணும், இந்தக் கப்பலெல்லாம் பெரும்பாலும் பனாமா, பஹாமாஸ் மாதிரி வெளிநாட்டுக் கொடிதான், அதனால பஹாமாஸ், மெக்சிகோ மாதிரி ஊருக்குப் போவும். மெக்சிகோன்னா அமெரிக்க விசா செல்லுபடியா இருந்தா போதும், தனி விசா வேண்டாம். மத்த ஊருக்குன்னா அந்தந்த ஊரு சட்டத்தக் கேட்டுட்டு கட்டு. பயலுக்க பாஸ்போர்ட்டுல விசா ஸ்டாம்ப் தேதி தீந்துருக்கான்னும் பாக்கச் சொல்லு, அவன் வேல பேப்பர் செரியா இருந்தாலும் திரும்ப உள்ள வரும்போது அதத்தான் கேப்பான். இன்சூரன்ஸும் மறக்காத, கப்பல் ஆஸ்பத்திரியில கைக்காசுதான் மொதல்ல கட்டணும்.

இனி நான் சொல்ல ஆசப்பட்டதச் சொல்லுதேன். டாம்பாவுலேர்ந்து கப்பல் நாலு மணிக்கு விட்டுது. வெளிய கடல் வாறதுக்கு ரெண்டு மணி நேரம் உள்கடல்லதான் போவணும், அந்த வாய்ல ஸ்கைவேன்னு ஒரு பாலம், 1987ல தொறந்தது, தண்ணிக்கும் பாலத்துக்கும் எடவெளி 180 அடி. அதுக்கு மேல ஒசரமான கப்பல் டாம்பாவுக்கு வரவே முடியாது, அதனால அங்க நடுத்தரக் கப்பல்தான். நாங்க மேல்தட்டுல நிக்கோம், மஞ்சக் கம்பியெல்லாம் பொழுது சாயுத வெயில்ல மின்னுது, பாலம் கிட்ட வர வர கப்பல் புகக்கூண்டு போயி இடிச்சிரும்னே தோணுது, எல்லாரும் சத்தமில்லாம அண்ணாந்து பாக்காங்க, எனக்க வீட்டுக்காரி எனக்க கைய கெட்டியா புடிச்சிட்டா. கல்யாணமாயி 38 வருசத்துல நாலு பேரு முன்னாடி அவ எங்கையப் புடிச்சதில்ல மக்கா. பாலத்துக்க அடியில போவும்போது மேல லாரி ஓடுத சத்தம் கேட்டுது, அது கழிஞ்சதும் முழுக் கடலு. அவ அழுதா. என்ன பிள்ளன்னு கேட்டேன், ஒண்ணுமில்ல, கொள்ளாம், நல்லாருக்குன்னா, அம்புட்டுதான்.

சாப்பாட்டுக்கு நீ பயப்படாத. நம்மூரு சாப்பாடு வேணும்னா முன்கூட்டியே சொல்லணும், எட்டு நாள்ல எடுத்ததால எங்க பேரு லிஸ்ட்ல ஏறல, மொத ராத்திரி வீட்டுக்காரி ரொட்டியும் பழமும்தான் தின்னா. டேபிள்ல பரிமாறுன பையன் கோட்டயத்துக்காரன், நான் மலையாளத்துல பேசுனதும் அவன் மொகம் அப்படியே மலந்துட்டு, "பாறசாலைக்கு அடுத்தாணோ"ன்னு கேட்டான், ரெண்டாவது நாள்லேர்ந்து பருப்பும் சோறும் கத்தரிக்காய்க் கூட்டும் தனியா வந்துது. ஒம்பது மாசம் வீட்டப் பாக்காம அங்க கெடக்கான் அந்தப் பிள்ள. டிப்ஸ் கணக்குல போனாலும் எறங்கும்போது கையில தனியா கொஞ்சம் குடுத்தேன், நீயும் குடு.

உனக்கு எங்கள விட வசதி. ஆர்லாண்டோவுலேர்ந்து போர்ட் கனாவரல் கார்ல ஒரு மணி நேரம்தான், பாலம் தொல்லயும் இல்ல, உலகத்துலயே பெரிய கப்பலெல்லாம் அங்க வருது, கப்பல் கூடுனா காலி ரூமும் கூடும். பயகிட்ட சொல்லி வாரத்துக்கு ரெண்டு தடவ வெலயப் பாக்கச் சொல்லு, செரியான வெல கண்டா அன்னைக்கே எடு, நாங்க ஒரு நல்ல வெலய விடிஞ்சு பாப்போம்னு விட்டு அது போயிட்டு.

இங்க திரும்பி வந்த பெறவு விழிஞ்சம் துறைமுகத்துல 2024 ஜூலையில மொத பெரிய கண்டெய்னர் கப்பல் வந்தப்ப நாங்க ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போயி தூரத்துலேர்ந்து பாத்தோம். இதுல ஆள் ஏத்துவாங்களான்னு கேட்டா. இல்ல பிள்ள, சாமான்தான்னேன். கொச்சியிலேர்ந்து லட்சத்தீவு கப்பல் போவுது, பெர்மிட் வாங்கணும், அடுத்து அவள அதுலதான் கூட்டிட்டுப் போவணும்னு வச்சிருக்கேன்.

நீ திருவனந்தபுரத்துலேர்ந்துதான ப்ளேன் ஏறுத? மொத நாளே மைனியயும் கூட்டிட்டு இங்க வந்துரு, மரச்சீனியும் மீனும் வச்சுத் தாறேன், ராத்திரி தங்கிட்டுப் போலாம், வீட்டுலேர்ந்து ஏர்போர்ட்டுக்கு நான் வண்டி புடிச்சுத் தாறேன். கப்பல் ரூம்ல செவரெல்லாம் இரும்பு, ஈரத் துணி போட எடமே இருக்காது, மக அதுக்குன்னு வாங்குன காந்தக் கொக்கி நாலு எங்கிட்ட இருக்கு. தொடச்சு ஒரு கவர்ல போட்டு உனக்க பேர எழுதி அலமாரியில வச்சிட்டேன்.