"சொல்லியிருக்கவே கூடாதுப்பா" என்றாயே

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனை வைப்பதற்கு முன்னால் நீ சொன்ன அந்த ஒரு வரி மனசை விட்டுப் போகவே இல்லை. "சொல்லியிருக்கவே கூடாதுப்பா." அப்போது எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் அம்மா இருந்தாள், பேச்சை மாற்றிவிட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அமெரிக்காவில் உன் கல்லூரிக் கவுன்சிலரிடம் நீ உண்மையைச் சொன்னாய். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது, அது பயமாக இருக்கிறது என்றாய். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி. நாலு நாள் கழித்து வெளியே வந்தால் டீன் அலுவலகத்துக் கடிதம்: நீயாக மருத்துவ விடுப்பு எடுத்துக்கொள், இல்லையென்றால் நாங்களே உன்னை விலக்குவோம், மூன்று நாளில் அறையைக் காலி செய். உதவி கேட்டுப் போன பிள்ளைக்கு இப்படி ஒரு பதில் வந்தால், வாயைத் திறந்ததே தப்பு என்று யாருக்கும் தோன்றும். உனக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அம்மா, நீ சித்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கோபப்படுகிறாய் என்றால், அது நீ சொன்னதால்தான். சொல்லாமல் அந்த வாரத்தை நீ தனியாகக் கடந்திருக்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. அவர்கள் நடந்துகொண்டது தப்பென்றால் அது அவர்கள் கணக்கு. அதை நீ சொன்னதோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளாதே.

முதல் நாள் நான் கல்லூரிக்குப் போன் செய்தபோது, மாணவியின் அனுமதி இல்லாமல் எதுவும் பேச முடியாது என்று வைத்துவிட்டார்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்குத்தான், பெற்றோருக்கு இல்லை என்று 1974-இல் வந்த சட்டம் அங்கே இருக்கிறது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் பெற்றோரிடம் சொல்ல அதே சட்டம் இடம் தருகிறது என்று பிறகு படித்தேன். அன்று அது தெரியாமல் கத்திவிட்டேன். அடுத்த நாள் நீயே அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாய். அந்த நிலைமையிலும் அப்பா தவிப்பான் என்று யோசித்திருக்கிறாய். அதை நான் மறக்க மாட்டேன்.

இந்தப் பத்து நாளாக ராத்திரி உட்கார்ந்து அமெரிக்க விதிகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். மனநோயும் ஊனத்துக்குரிய பாதுகாப்புக்குள் வரலாம் என்று 1973-இன் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவும், 1990-இன் ஊனமுற்றோர் சட்டமும் சொல்கின்றன. உன்னுடையது அரசுப் பல்கலைக்கழகம். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான விதிகள் திருத்தப்பட்டு 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. ஒருவரை விலக்கக் காரணமாகச் சொல்லும் "நேரடி ஆபத்து" என்ற சொல்லுக்கு அவற்றில் பிறருக்கு வரும் ஆபத்து என்றுதான் பொருள் எழுதியிருக்கிறார்கள். அப்போதும் அந்த ஒரு மாணவரைத் தனியாக மதிப்பிட வேண்டும். ஆபத்து எவ்வளவு கடுமையானது, எவ்வளவு காலம் இருக்கும், நடக்க எவ்வளவு வாய்ப்பு, சின்ன மாற்றங்கள் செய்தால் குறையுமா என்று பார்க்க வேண்டும். உனக்கு வந்த கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய் என்பது இருக்கிறது. உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டதாக எங்கேயும் இல்லை.

இது உனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 2018-இல் வழக்குப் போட்டார்கள், அடுத்த வருஷம் சமரசம் ஆகி அங்கே விடுப்புக் கொள்கையையே மாற்றி எழுதினார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் மேல் 2022 நவம்பரில் வழக்கு, 2023 ஆகஸ்டில் சமரசம். பிரவுன் பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி. விடுப்பில் போனவர்கள் குணமாகிவிட்டார்கள், திரும்பலாம் என்று அவர்களுடைய டாக்டர்களே சொன்ன பிறகும் சேர்த்துக்கொள்ளவில்லை. 2021-இல் அமெரிக்க அரசின் நீதித்துறையோடு செய்த உடன்பாட்டில் அந்த மாணவர்களுக்கு 6,84,000 டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. இதையெல்லாம் சொல்வது வழக்குப் போடு என்பதற்காக இல்லை. உன்னை மாதிரி எத்தனையோ பேர் வாய் திறந்து பேசியிருக்கிறார்கள், அதனால் விதிகள் மாறியிருக்கின்றன என்று உனக்குத் தெரிய வேண்டும்.

கல்லூரிக்காரர்கள் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். ஒரு பிள்ளை விடுதி அறையில் தனியாக இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் நிஜமானது. எனக்கும் அதே பயம்தானே? ஆனால் பயத்தில் பிள்ளையைத் தள்ளி வைத்துவிட்டால், தோழிகள், டாக்டர், தினசரி நேரம் என்று அவளைப் பிடித்துக்கொண்டிருந்த எல்லாமே ஒரே நாளில் போய்விடுகிறது. பக்கத்து அறைப் பிள்ளையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கும். அது அடுத்த தடவை யாரிடமும் மூச்சு விடாது. எனக்கு இதுதான் பெரிய பயம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒரு செமஸ்டர் ஓய்வு நல்லது என்று உன் டாக்டரே சொல்கிறார், எனக்கும் அது தப்பாகப் படவில்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நீ. அப்பீலுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். விலக்கலை ரத்து செய்து, நீயே எடுக்கும் விடுப்பாக மாற்றிப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்போம். திரும்பி வர என்ன நிபந்தனை, யார் முடிவு செய்வார்கள், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கு. வாய்ப்பேச்சு வேண்டாம்.

வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் இன்டர்நேஷனல் ஆபீசுக்கு நாளைக்கே போன் செய், தள்ளிப்போடாதே. அனுமதி வாங்கிக்கொண்டு படிப்பை நிறுத்தினாலும் உன்னை மாதிரி எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் 15 நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆனால் டாக்டர் கடிதம் இருந்தால், உடல்நலக் காரணத்துக்காகப் பாடங்களைக் குறைக்கவோ, ஒரு பாடமும் எடுக்காமல் இருக்கவோ அந்த ஆபீஸ் அனுமதி தரலாம். ஒரு பட்டப்படிப்புக்கு மொத்தம் 12 மாதம் வரை. இது உனக்குப் பொருந்துமா என்று முதல் கேள்வியாகக் கேள். இங்கேயே வந்துவிடுகிறேன் என்று உனக்குத் தோன்றினால், அதுவும் சரிதான். உன் அறை அப்படியே இருக்கிறது.

அப்புறம் ஒன்று. அந்த எண்ணம் திரும்ப வந்தால் சித்தியை எழுப்பு. என்னைக் கூப்பிடு, நேரம் பார்க்காதே. எங்களிடம் பேச முடியவில்லை என்றால் 988 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய், பேசப் பிடிக்காவிட்டால் மெசேஜ் அனுப்பினாலும் போதும். நீ சொல்லி நான் பயந்தாலும் பரவாயில்லை அம்மா. பயப்படத்தானே அப்பா இருக்கிறேன்.

அப்பீல் கடிதத்தை நீ எழுதி அனுப்பு, நான் படித்துத் தருகிறேன். கவுன்சிலரிடம் நீ என்ன சொன்னாயோ அந்த இடத்தை மழுப்பாதே, அப்படியே எழுது.

விடுதியில் விட்டுவந்த சைக்கிளை எடுத்துவரச் சித்தப்பா சனிக்கிழமை போகிறாராம். பூட்டுச் சாவி எங்கே என்று அவரிடம் சொல்லிவிடு.

அப்பா