டிவிடெண்டைச் சதவீதத்தில் எழுதாதீர்கள்: தமிழ் வணிகச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கும் என் போன்றவர்கள் ஆண்டறிக்கையைப் புரட்டுவதில்லை. நீங்கள் போடும் தலைப்பையும் மொபைலில் ஓடும் விலையையும் வைத்துத்தான் வாங்குவதும் விற்பதும். அதனால்தான் இந்த மடல்.

டிவிடெண்ட் என்பது நிறுவனம் தன் லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம். 2023 மே மாதம் டயர் நிறுவனமான எம்ஆர்எஃப் பங்கு ஒன்றுக்கு 169 ரூபாய் இறுதி டிவிடெண்ட் அறிவித்தது. சதவீதத்தில் எழுதும் தலைப்பில் இது 1,690 சதவீதம். கணக்கு சரிதான். ஆனால் அது 10 ரூபாய் முகமதிப்பின் மீது, அதாவது நிறுவனம் தன் கணக்கில் பங்குக்குக் குறித்து வைத்த மதிப்பின் மீது, போட்ட சதவீதம். முகமதிப்புக்கு எம்ஆர்எஃப் பங்கு எந்தக் கடையில் கிடைக்கிறது? அன்று சந்தையில் அதன் விலை 90,000 ரூபாய்ப் பக்கம். அடுத்த மாதமே லட்சத்தைத் தாண்டியது. அந்த விலைக்கு வாங்கியவருக்கு நூறு ரூபாய்க்கு 20 பைசாகூடத் தேறாது. சேமிப்புக் கணக்கு வட்டியே இதைவிட எவ்வளவோ மேல். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு சதவீதத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, லட்சம் போட்டா பதினாறு லட்சம் வருமா?" என்று ஒரு பையன் கேட்டான். அவனைப் பார்த்துச் சிரித்துப் பயனில்லை. தலைப்பை அப்படியே நம்பினான், அவ்வளவுதான். எம்ஆர்எஃப் நல்ல நிறுவனமா இல்லையா என்பது வேறு பேச்சு.

போனஸ் செய்தியிலும் இதே கோளாறு. 2025 ஆகஸ்டில் எச்டிஎஃப்சி வங்கி ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது; அதாவது கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் பணம் வாங்காமல் இன்னொரு பங்கு. 1,960 ரூபாயை ஒட்டி நின்ற பங்கு, ஆகஸ்ட் 26 அன்று ஏறக்குறையப் பாதி விலையில் வர்த்தகமானது. புதுப் பங்கு நம் டீமேட் கணக்கில் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) ஏற ஓரிரு நாள் ஆகும். அதுவரை செயலியில் பாதிப் பணம் காணாமல் போனதுபோல் சிவப்பாகத் தெரியும். 'இலவசப் பங்கு' என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், 'அன்று விலையும் பாதியாகும், மொத்த மதிப்பு மாறாது' என்று ஒரு வரி சேர்த்தால் பதறிப்போய் விற்கிறவர்கள் குறைவார்கள்.

அப்புறம் லாபச் செய்தி. 2025 மார்ச் காலாண்டில் ஐடிசியின் லாபம் 19,000 கோடியைத் தாண்டியது. அதில் சுமார் 15,000 கோடி, ஓட்டல் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரித்ததால் கணக்கில் வந்த ஒருமுறை வரவு. சிகரெட், ஆட்டா, காகிதம் என்று தொடர்ந்து நடக்கும் தொழிலின் லாபம் முந்தைய ஆண்டைவிடப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. காலாண்டு முடிவு அறிக்கையில் இந்த ஒருமுறை வரவு தனி வரியாகவே இருந்தது. லாபம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு என்று மட்டும் படித்தவர், 'பிறகு ஏன் பங்கு பறக்கவில்லை?' என்று குழம்பத்தானே செய்வார்? சந்தையில் ஏதோ சதி என்றுகூட நினைப்பார்.

சந்தை இறங்கிய காரணத்தை மாலை நாலு மணிக்கே அடித்துச் சொல்லும் செய்திகளைப் பற்றியும் புலம்பலாம். அது இன்னொரு நாளைக்கு.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டிவிடெண்டை ரூபாயில் எழுதுங்கள். பக்கத்திலேயே அன்றைய பங்கு விலையையும் போடுங்கள். சதவீதம் வேண்டுமென்றால் அந்த விலைக்குக் கணக்கிட்டுப் போடுங்கள். அடுத்த காலாண்டு முடிவுகள் வரும்போதே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வணிகப் பக்கத்தை விடாமல் படிக்கும் ஒரு சிறு முதலீட்டாளர்