சட்டைக்குள் இருந்த சலைன் பாட்டில்

கம்மவான்பேட்டை உறவுகளுக்கும், என் கம்பெனித் தோழர்களுக்கும், எனக்காக வேண்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் வணக்கம்.

வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. ரோந்தில் நான் அடிபட்டு விழுந்த அந்த ஜூன் மாத இரவைப் பற்றி நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை மறுபடி சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. வலது தொடையில் கம்பி இருக்கிறது, ஆனால் கால் இருக்கிறது. பக்கத்தில் அம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். இதைப் பார்க்க நான் இருப்பதற்கு ஒருவர் காரணம். முதலில் அவரைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

அவர் ராணுவ மருத்துவப் படையைச் சேர்ந்த நர்சிங் அசிஸ்டென்ட். ஒடிசாக்காரர். என் தம்பியைவிடச் சின்னவர். ஆனாலும் நாங்கள் எல்லோரும் அவரை 'டாக்டர் சாப்' என்றுதான் கூப்பிடுவோம். தலைவலி, கால் கொப்புளம் என்று போய் நிற்கும்போது அந்தப் பெயரில் கொஞ்சம் விளையாட்டும் இருந்தது. அன்றைக்குப் பிறகு எனக்கு அது விளையாட்டுப் பெயர் இல்லை.

நான் விழுந்த இடத்துக்கும் அவர் இருந்த பாறைக்கும் இடையில் மறைவு எதுவும் கிடையாது. சுடுவது நிற்கவில்லை. அவர் வயிற்றால் ஊர்ந்தே வந்தார். அவரிடமும் துப்பாக்கி இருந்தது. வந்ததும் அதைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் என் தொடையைப் பிடித்துக்கொண்டார். தலைக்கு மேல் குண்டு பறக்கிறது, அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காயத்துக்கு மேலே பட்டையைச் சுற்றிக் குச்சியைத் திருகி இறுக்கினார். நான் கத்தினேன். "கத்துங்க, தூங்க மட்டும் கூடாது" என்று இந்தியில் சொன்னார். அப்புறம் மார்க்கர் பேனாவால் என் நெற்றியில் மணியை எழுதினார்: 4.10. கட்டுப் போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அறுவை சிகிச்சை செய்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் காலுக்கு ஆபத்து.

மழை பெய்துகொண்டிருந்தது. அந்த உயரத்தில் ஜூனிலும் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். எனக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. அப்போது கையில் ஊசி குத்திச் சலைன் ஏற்றினார். நரம்பு வழியாக மெதுவாக ஒரு வெதுவெதுப்பு முழங்கை வரை ஏறியது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மா கொடுக்கிற கஞ்சித் தண்ணீர் உள்ளே இறங்குகிற மாதிரி இருந்தது. சாகிற நேரத்தில் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம்தான் போனில் அவரிடம் கேட்டேன், அந்தச் சலைன் எப்படிச் சூடாக இருந்தது என்று. அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ரத்தம் போன உடம்பு சில்லிட்டால் ரத்தம் உறையாது, அண்ணா. குளிர்ந்த பாட்டிலை ஏற்றினால் இன்னும் மோசம். அதனால் ரோந்து கிளம்பினால் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொள்வேன்."

தினமுமா என்றேன். தினமும்தான் என்றார்.

எத்தனை இரவுகள் அவருக்குப் பின்னாலும் முன்னாலும் நடந்திருக்கிறேன்! ஒரு தடவைகூட எனக்குத் தெரியாது. எங்களில் யாருக்கோ அடிபடும் என்று சாயங்காலமே நினைத்துப் பார்த்து, அந்த யாரோ ஒருவனுக்காக அந்தக் குளிரில் சில்லென்ற பாட்டிலைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிறார். விடிந்ததும் பிரிக்காத பாட்டிலைத் திரும்ப எடுத்து வைத்திருக்கிறார். குண்டுக்கு நடுவே ஊர்ந்து வந்த தைரியம் என் கண்ணால் பார்த்தது. இதையோ நான் கேட்டிருக்காவிட்டால் அவர் சொல்லியே இருக்க மாட்டார்.

நம் தெருவில் இருக்கிற ஓய்வுபெற்ற ஹவில்தார் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொரியப் போர்க் கதையைச் சொன்னார். 1950-ல் நம் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு அங்கே போனது. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், பிறகு மகாவீர் சக்கரம் வாங்கியவர். பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கும்போது மருந்துப் பெட்டிகளை விட்டுவர மனமில்லாமல், அங்கே கிடந்த பழைய ரயில் எஞ்சினுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஓட்டிக்கொண்டு வந்தார்களாம். "அவங்க ஜாதியே அப்படித்தான்டா, மருந்தை விட மாட்டாங்க" என்றார் பெரியப்பா.

இன்னும் எத்தனையோ பேர். சுட்டு எனக்கு மறைவு கொடுத்தவர்கள், சேற்றில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள், வெளிச்சம் வந்ததும் ஹெலிகாப்டரை இறக்கியவர்கள், ஸ்ரீநகர் 92 பேஸ் ஆஸ்பத்திரியில் நெற்றியைப் பார்த்துவிட்டு ஓடிய டாக்டர்கள், ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த சிஸ்டர், பெயர் சொல்லாமல் ரத்தம் கொடுத்தவர்கள், அம்மாவைத் தனியாக விடாத தெருக்காரர்கள், காட்பாடி ஸ்டேஷனில் என்னைக் கைத்தாங்கலாக இறக்கிய பையன்கள். எல்லோருக்கும் நன்றி.

அந்தப் பையன்கள் ஆள்சேர்ப்புக்காகத் தினமும் காலையில் மைதானத்தில் ஓடுகிறார்கள். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வருவேன். ரத்தத்தை எப்படி நிறுத்துவது என்று முறையாகக் கற்றுக்கொண்டு வந்து உங்களுக்குக் காட்டுவேன். ராணுவத்துக்குப் போகாதவர்களும் வாருங்கள், நம் நெடுஞ்சாலையிலும் தேவைப்படும்.

டாக்டர் சாப், இந்த மடலை நானே இந்தியில் உங்களுக்குப் போனில் படித்துக் காட்டுகிறேன். லீவு கிடைத்தால் பொங்கலுக்கு வாருங்கள். அம்மா உங்களுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டார். வயிற்றுப் பக்கம் உள்ளே ஒரு பை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.