பிரித்தானிய நிதியமைச்சருக்கு: அந்த 2 கோடி பவுண் யாருக்குப் போனது?

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது வருடமாக இலண்டனில் வரி கட்டுகிறவன் எழுதுகிறேன். 2018 பெப்ரவரியில் உங்கள் அமைச்சு டுவிட்டரில் ஒரு செய்தி போட்டது. அடிமைகளை விடுவிக்க 1833இல் அரசு 2 கோடி பவுண் செலவிட்டது, அதற்கு வாங்கிய கடன் 2015இல்தான் தீர்ந்தது, ஆகவே அடிமை வணிகத்தை ஒழிக்க உங்கள் வரிப்பணமும் உதவியது என்று எங்களைப் பாராட்டிய செய்தி. எதிர்ப்புக் கிளம்பியதும் அதை எடுத்துவிட்டார்கள்.

என்னோடு இரவு வேலை செய்த ஜமெய்க்கப் பெண்ணிடம் தேநீர் நேரத்தில் அதைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, இரண்டாம் தரம் வாசித்தார். தன் முன்னோரை வைத்திருந்தவனுக்குத் தன் சம்பளத்திலிருந்தா நட்டஈடு போனது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் நட்டஈடாக ஒதுக்கிய 2 கோடி பவுண், அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 வீதம். அத்தனையும் எசமான்களுக்கு. விடுதலையான சுமார் 8 இலட்சம் பேருக்கு ஒரு சதமும் இல்லை. அவர்களில் பெரும்பாலானோர், தொழில் பழகுநர் என்ற பெயரில், 1838 வரை அதே தோட்டங்களில் கூலியில்லாமல் உழைத்தார்கள். பிறகும் நிலம் கிடைக்கவில்லை. ஜமெய்க்காவில், தாங்கள் குடியிருந்த குடிசைக்கே பழைய எசமானுக்கு வாடகை கட்டினார்கள். ஒரு பக்கம் மூலதனம் சேர்ந்தது, மறுபக்கம் வெறுங்கை. பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தைக்கு, சுமார் 2500 பேருக்காக 1 இலட்சம் பவுணுக்கு மேல் கிடைத்தது. 1838இல் தன் கயானாத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கூலியாட்களை இறக்கியவரும் அவர்தான். இலங்கை மலையகத்தில், இந்தியாவிலிருந்து கொண்டுவந்த தோட்டக் கூலிகளைக் குடிவைத்த லயன் வீடுகளைப் பார்த்த எனக்கு அந்தக் கணக்கு நன்றாகவே விளங்குகிறது.

அந்த நட்டஈட்டுக்கு வாங்கிய கடன் 2015இல்தான் தீர்ந்தது. அதே வருடம் செப்டெம்பரில் பிரதமர் கமரன் ஜமெய்க்கா போனார். அடிமைக் காலத்தின் வலியைக் கடந்து முன்னே போவோம் என்று அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் சொன்னார். நட்டஈடு பற்றிப் பேச்சில்லை. சிறைச்சாலை கட்ட 2.5 கோடி பவுண் தருவதாக அறிவித்தார்.

எந்த எசமானுக்கு எத்தனை பேருக்காக எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற ஏடுகள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அந்த அடிமைகளின் சந்ததியினர் 1948 முதல் கப்பலேறி வந்து இந்த நாட்டின் பஸ்களையும் மருத்துவமனைகளையும் ஓட்டினார்கள். அவர்கள் வந்திறங்கியதைப் பதிந்த அட்டைகளை உள்துறை 2010இல் அழித்தது. அதன் பிறகு, இங்கேயே வளர்ந்தவர்களிடம் வதிவிட உரிமைக்கு அத்தாட்சி கேட்டு வேலையைப் பறித்தார்கள், சிலரை நாடும் கடத்தினார்கள். எசமான்களின் காகிதம் 180 வருடம் தப்பியது, இவர்களுடையது தப்பவில்லை.

ஆகவே இரண்டு கேட்கிறேன். அந்தக் கடனுக்கு இத்தனை காலமும் வட்டியாக மட்டும் எவ்வளவு போனது என்று வெளியிடுங்கள். அடிமை முறைக்கு ஈடு கோரிக் கரிபியன் நாடுகள் 2014இல் முன்வைத்த பத்து அம்சத் திட்டத்தை மேசையில் வைத்து, அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். என் வரி அந்தப் பேச்சுக்குச் செலவாவதில் எனக்கு முழுச் சம்மதம்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் ஒரு தமிழன்