சிலப்பதிகாரத்தை எந்த எழுத்தில் தேடுவது?

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக நூலகர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த புதிதில், சிலப்பதிகாரம் பற்றி ஆங்கிலத்தில் வந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தேட நூலகக் கணினியில் உட்கார்ந்தேன். நாம் வழக்கமாக எழுதுகிறபடி எஸ் எழுத்தில் தொடங்கி, 'தி' வருகிற இடத்தில் டி, ஹெச் போட்டுத் தட்டினேன். கொஞ்சம்தான் வந்தது. இவ்வளவுதான் இருக்கிறது என்று நெறியாளரிடமும் சொல்லிவிட்டேன். ஓராண்டு கழித்து ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் அதே பெயர் ஆங்கில 'சி'யில் தொடங்கி, ஹெச் இல்லாமல் இருந்தது. அப்படியே தட்டிப் பார்த்தேன். நான் இல்லை என்று சொன்ன கட்டுரைகள் வரிசையாக வந்து நின்றன.

வேடிக்கை என்னவென்றால், அந்த எழுத்துக்கூட்டல் எங்கிருந்தோ வந்ததல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் வெளியிட்ட பேரகராதியான தமிழ் லெக்சிகனில் இருப்பதுதான். வெளிநாட்டு நூலகங்களும் தமிழாய்வாளர்களும் பெரும்பாலும் அதை ஒட்டியே எழுதுகிறார்கள். இங்கே இருக்கிற எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. நட்சத்திரக் குறி போட்டால் சொல்லின் வால் மாறினாலும் கிடைத்துவிடும். முதல் எழுத்தே வேறு என்றால் அது கைகொடுக்காது. இரண்டு எழுத்துக்கூட்டலையும் நடுவில் 'அல்லது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் 'ஆர்' (OR) போட்டுத் தேட வேண்டும், அந்த 'ஆர்' பெரிய எழுத்தில் இருப்பது நல்லது. ஐந்து நிமிடப் பாடம். எனக்கு ஓராண்டு போயிற்று.

தமிழிலேயே வந்த கட்டுரைகளின் பாடு இன்னும் மோசம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அச்சான பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது அர்த்தமில்லாத குறிகளின் குவியல்.

இதழ்களுக்குச் சந்தா கட்டப் பணமில்லை என்ற பழைய காரணம் இப்போது அவ்வளவாகச் செல்லாது. 2025 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு 6,000 கோடி ரூபாய். ஆனால் விடுதி அறையில் கைபேசியில் அதே கட்டுரையைத் திறந்தால் டாலரில் விலை கேட்கிறது. வளாக இணையத்தை மட்டுமே பதிப்பகத்தின் தளம் அடையாளம் காண்கிறது, வெளியிலிருந்து வருகிறவர் நிறுவன உள்நுழைவு வழியாக வர வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நண்பர்கள் பலர் அந்த விலையைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வகுத்த 2 கிரெடிட் ஆய்வு நெறிப் பாடத்தில் தரவுத்தளங்களுக்கு ஒரு பகுதி உண்டு. எங்களுக்கு அது ஸ்லைடுகளாக ஓடி முடிந்தது. யாரும் ஒரு சொல்லைக்கூடத் தட்டிப் பார்க்கவில்லை.

புது மென்பொருள் வாங்கச் சொல்லவில்லை. அந்தப் பகுதியை நூலகத்தில் நீங்களே நடத்துங்கள். ஆளுக்கொரு கணினி, அவரவர் ஆய்வுத் தலைப்பு, இரண்டு மணி நேரம். அப்புறம், நம் பல்கலைக்கழக இதழ்களின் கட்டுரைத் தலைப்புகளையாவது யூனிகோடுத் தமிழிலும், இரண்டு ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் பதிவு செய்யுங்கள்.

சங்க நூல்களின் பெயர்களுக்கும் புலவர் பெயர்களுக்கும் அப்படி ஒரு பட்டியலை எனக்காகத் தொடங்கி வைத்திருக்கிறேன். பிழைகள் இருக்கும். திருத்திக்கொள்வதாக இருந்தால் நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
ஓர் ஆய்வு மாணவன்