கீழ்ப்புத்துப்பட்டு கோயில்காட்டில் தை மாத நடை

குடியிருப்போர் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பருவந்தோறும் நாம் மேற்கொள்ளும் வழிகாட்டி நடை, இம்முறை 25.01.2026 ஞாயிற்றுக்கிழமை காலை 6.30 மணிக்கு, புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்துள்ள காட்டில் நடைபெறும். மறுநாள் குடியரசு நாள் விடுமுறை என்பதால் அவசரமின்றி நடக்கலாம்.

சோழமண்டலக் கரையில் பெரும்பாலும் அழிந்துவிட்ட வறண்ட பசுமைமாறாக் காட்டின் ஒரு பகுதி இங்கே எஞ்சியிருப்பதற்கு, ஐயனார் காட்டில் கிளை ஒடிக்கக் கூடாது என்ற ஊராரின் நம்பிக்கை பெரிதும் காரணம். காசா, வீரை மரங்களையும் அவற்றில் முறுக்கிக் கிடக்கும் தடித்த கொடிகளையும் பார்த்தபடி, நேர்த்திக்கடனாக வைக்கப்படும் சுடுமண் குதிரைகளைப் பற்றியும், குதிரையேறி இரவில் எல்லை காக்கும் ஐயனாரைப் பற்றியும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சொல்லும் கதைகளைக் கேட்போம். கதைகள் ஊருக்கு ஊர் மாறும். அவரைத் திருத்த முற்பட வேண்டாம்.

1. வாகனம் காலை 5.30 மணிக்கு நமது குடியிருப்பு வாயிலிலிருந்து புறப்படும்.
2. முழுக்கைச் சட்டை அணிந்து, குடிநீருடன் வரவும்.
3. இலை, பூ, விதை எதையும் எடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்து வரவும்.
4. கதையைப் பதிவு செய்ய விரும்புவோர் முதலில் பெரியவரின் அனுமதியைப் பெறவும்.
5. வருவோர் பெயர்களையும், சிறுவர் எனில் வயதையும் 20.01.2026 செவ்வாய் மாலைக்குள் இக்குழுவிலேயே பதிலாக இடவும். வர இயலாதவர்களும் தெரிவித்தால் வாகன ஏற்பாட்டுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒருங்கிணைப்பாளர்