மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில், டம்ளர் தண்ணீரில் பென்சில் ஒடிந்ததுபோல் தெரிவதற்குக் காரணம் எழுதியிருந்தீர்கள்: 'தண்ணீர் காற்றைவிட அடர்த்தியானது, அதனால் ஒளி வளைகிறது.' இது தவறு என்பது தாங்கள் அறியாதது அல்ல. பிறகு எப்படி இந்த வரி அச்சேறியது?

நானும் வகுப்பில் இதைச் சொன்னவன்தான். 1991இல் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், மண்ணெண்ணெய் தண்ணி மேல மிதக்குதே, அப்ப அதுல ஒளி கம்மியாத்தானே வளையணும்?" என்றான். மறுநாள் இரண்டு ஜாடிகளின் அடியில் ஒவ்வொரு காசு போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் 12 செ.மீ. உயரத்துக்கு ஊற்றினேன். மேலிருந்து பார்த்தால் தண்ணீரில் காசு 3 செ.மீ. எழும்பித் தெரிந்தது. மண்ணெண்ணெயில் அதைவிட மேலே. ஒளியை ஒரு பொருள் எவ்வளவு திருப்பும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, மண்ணெண்ணெய்க்கு 1.44. அடர்த்தி குறைந்து மிதக்கிற எண்ணெய்தான் ஒளியை அதிகம் திருப்புகிறது. அந்தப் பையனுக்கு நான் பட்ட கடன் இன்றும் தீரவில்லை.

காரணம் வேகம். ஒளி ஒரு மின்காந்த அலை. அது பொருளுக்குள் நுழைந்ததும் அங்குள்ள எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான்கள் தாமும் அலை எழுப்புகின்றன. இரண்டும் கலந்த அலை பின்தங்கி நகர்கிறது. வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கி.மீ. போகும் ஒளி தண்ணீரில் சுமார் 2.25 லட்சம்தான். சாய்வாக வரும் அலையில் தண்ணீரை முதலில் தொடும் பக்கம் முந்தி வேகம் குறைவதால் அலையே திரும்பிவிடுகிறது. ரோட்டிலிருந்து ஆற்று மணலில் சாய்வாக இறங்கும் மாட்டுவண்டி, முதல் சக்கரம் புதைந்த பக்கம் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நேர் செங்குத்தாக நுழையும் ஒளி திரும்புவதே இல்லை.

ஒளி மெதுவாகப் போகும் பொருளுக்குப் பாடப்புத்தகம் வைத்த 'அடர்மிகு ஊடகம்' என்ற சொல் செய்த வேலை இது. ஒரு விடைத்தாள் திருத்தும் முகாமில், 'வேகம் குறைவதால்' என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் கேட்டு மன்றாடினேன். விடைக்குறிப்பில் 'அடர்த்தி' என்றுதான் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். சரியாக எழுதிய பிள்ளைக்குப் பூஜ்யம்! பதினெட்டு வருடம் ஆகியும் அந்தத் தாள் கண்ணிலேயே நிற்கிறது.

சென்ற மே மாதம் கானல்நீரைக் 'கண்ணின் மாயை' என்று எழுதினீர்கள். மாயை என்றால் கேமராவில் எப்படி விழும்? தென்காசி சாலையில் நானே செல்போனில் எடுத்த படத்தையும் இணைத்து எழுதினேன். சூடான தார்மேல் காற்றின் சூடும் அதனால் ஒளியின் வேகமும் அடுக்கடுக்காக வேறுபடுவதால், அங்கேதான் ஒளி உண்மையாகவே வளைந்து வருகிறது. பதில் இல்லை.

தவறுவதில் வெட்கம் இல்லை, ஐயா. ஒளி தண்ணீரில் வேகமாகப் போகும் என்றே நியூட்டன் நினைத்தார். மெதுவாகத்தான் போகிறது என்று 1850இல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு அறிஞர் சோதித்துக் காட்டினார். திருத்திக்கொண்டார்கள். உங்கள் பக்கத்தில் மட்டும் ஏன் திருத்தமே வருவதில்லை?

நான் கேட்பது நான்கு வரி. அதே மாணவர் பக்கத்தில், அதே பத்தி அகலத்தில் போடுங்கள். என் பேத்தி தங்கள் கட்டுரையை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். அந்த வரியின் மேல் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தென்காசி.